கொத்தளத்தூரில் கதவில்லாத வீடு

“கோட்டை விழுந்தது எப்படி, சாமி?”

கேட்டவன் வெயிலுமுத்து. கேட்கப்பெற்றவர் மதகடியார்.

அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். கொத்தளத்தூர் ஏரியின் மதகடியில் வந்து தங்கிய நாள்முதல் இந்தப் பெயரே நிலைத்துவிட்டது. முன்பு என்ன தொழில் செய்தார் என்று எவரும் அறியார். வெயிலுமுத்துவைவிட நாலைந்து வயது இளையவர். ஆகையால் அவனை அண்ணாச்சி என்றே அழைப்பார். சீடனை அண்ணாச்சி என்றழைக்கும் குருவை ஊர் பாதி மதிப்போடும் பாதி நகைப்போடும் பார்த்துவந்தது.

பங்குனி மாதம். ஏரி வற்றிக் கிடந்தது. மதகுக்குக் கீழே, சேறு இறுகிய இடத்தில், கரிய மரம் ஒன்று சிறிதளவு தலைநீட்டிக்கொண்டிருந்தது. மதகடியார் அதைச் சுற்றித் தோண்டிக்கொண்டிருந்தார்.

“எந்தக் கோட்டை?”

“என்ன சாமி இப்படிக் கேக்கிய? நம்ம கோட்டைதான். ஊருக்குப் பேரே கொத்தளத்தூரு.”

“கொத்தளம் எங்க இருக்கு?”

“இப்ப இல்ல.”

“மதிலு?”

“அதும் இல்ல.”

“அகழி?”

வெயிலுமுத்து ஏரியைப் பார்த்தான். ஏரிதான் அகழி என்பார் உண்டு. அகழியைத் தூர்த்த மேட்டில்தான் ஊர் இருக்கிறது என்பாரும் உண்டு.

“இல்லாத கோட்டை விழுந்தா உமக்கு என்ன, அண்ணாச்சி? உம்ம தலையிலயா விழுந்துது?”

“ஆமா சாமி,” என்றான் வெயிலுமுத்து. “தலையிலதான் விழுந்துது.”

மதகடியார் தோண்டுவதை நிறுத்தினார்.

*

கொத்தளத்தூரில் எல்லா வீட்டுக்கும் கதவு உண்டு. வாயிலார் வீட்டுக்கு மட்டும் இல்லை.

வாயிலார் என்பது வெயிலுமுத்துவின் கூட்டத்துக்குப் பெயர். கோட்டை இருந்த காலத்தில் வாயிற்காவல் அவர்களுடையது. பகைவர் முற்றுகையிட்டபோது அக்கூட்டத்து மூத்தவன் ஒருவன் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்துவிட்டான், கோட்டை அழிந்தது, அரசன் மாண்டான், எஞ்சியவர்கள் கூடி, திறந்தவனுடைய வழிவந்தார் வீட்டில் இனிக் கதவு இருக்கலாகாது என்று விதித்தனர். கொத்தளத்தூர் சொல்லும் கதை இது. அரசனுடைய பெயர் அதில் இல்லை. பகைவருடைய பெயரும் இல்லை. விதித்த விதி மட்டும் தெளிவாக இருக்கிறது.

கதவு கூடாது. படல் கூடாது. தட்டியும் கூடாது. பழம்புடவை ஒன்றைத் தொங்கவிடலாம்.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் ஊரார் ஒவ்வொருவரும் அந்த வாசல்வழியே ஒரு பிடி மண்ணை உள்ளே எறிந்துவிட்டுப் போவர். கோட்டை மண் என்று அதற்குப் பெயர். மாலையில் அந்த வீட்டுப் பெண் அதைக் கூட்டி வாரி, கோட்டை இருந்ததாகச் சொல்லும் மேட்டில் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். பகையோடு எறிந்தவர்கள் போய்ச்சேர்ந்து நெடுங்காலம் ஆயிற்று. இப்போது எறிகிறவர்கள் எறிவது வழக்கம் என்பதற்காக எறிகிறார்கள். சிலர் எறிந்த கையோடு, “சோறு பொங்கியாச்சா, உலகம்மா?” என்று நலமும் விசாரிப்பர்.

உலகம்மாள் வெயிலுமுத்துவின் மனைவி.

கூட்டத்தில் மற்றவர்கள், கதவு வைத்துக்கொள்ளக்கூடிய ஊர்களைத் தேடிப் போய்விட்டனர். இவர்கள் இருவரும் போகவில்லை. முதலில் நிலத்துக்காகப் போகவில்லை. பிறகு ஆவுடைக்காகப் போகவில்லை.

ஆவுடை அவர்களுடைய மகள். தவழக் கற்ற புதிது. மார்கழி, ஏரி நிறைந்திருந்தது. வீடு உறங்கும் வேளையில் குழந்தை தொங்கிய புடவைக்கு அடியில் நுழைந்து வெளியே போயிற்று. விடிந்தபின் ஏரியிலிருந்து எடுத்தார்கள். கரைமேல் நின்ற புளியமரத்தின் அடியில் புதைத்தார்கள்.

ஊர் முழுவதும் வந்து அழுதது. அடுத்த ஆடியில் வந்து மண்ணும் எறிந்தது.

அன்றுமுதல் உலகம்மாள் வாசலுக்குக் குறுக்கே படுத்து உறங்குகிறாள். காக்கவேண்டிய குழந்தை வீட்டில் இல்லாத நாளிலும் அப்படியே படுத்தாள். இப்போது மறுபடியும் கருவுற்றிருக்கிறாள்.

“நான் படுக்கேன். நீ உள்ள போயிப் படு,” என்று வெயிலுமுத்து ஒருமுறை சொல்லிப்பார்த்தான்.

“அன்னைக்கும் வாசல் பக்கம் படுத்திருந்தது நீங்கதான்,” என்றாள் உலகம்மாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவன் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

எடுத்தது வேறிடத்தில். ஊர்க்கூட்டத்தில் போய் நின்று, கதவு வைத்துக்கொள்ள உத்தரவு கேட்டான்.

நாட்டாமை குலசேகரம் கெட்டவர் அல்லர். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பேசினார்.

“ஏலே வெயிலு, எனக்கென்னடே? நாளைக்கே நீ ரெட்டைக் கதவு போட்டாலும் எனக்குச் சம்மதந்தான். ஆனா உங்க பாட்டன் திறந்தாம்னு எங்க பாட்டன் சொல்லியிருக்கான். திறக்கலைன்னு எவனாவது சொல்லியிருக்கானா?”

“விசாரிச்சா தெரியுங்கய்யா.”

“அப்ப விசாரி. சுத்துப்பட்டு ஊரெல்லாம் ஒரே வாயாச் சொல்லட்டும், உங்க ஆளு திறக்கலைன்னு. அன்னைக்குக் கதவு போடு. நானே வந்து நிலை நிறுத்தித் தாரேன்.”

கூட்டம் சிரித்தது. நாட்டாமையும் சிரித்தார்.

வெயிலுமுத்து ஒருவன்தான் அதை வாக்காக எடுத்துக்கொண்டான்.

*

இவ்வளவையும் கேட்டபின் மதகடியார் ஒன்றே கேட்டார்.

“பிள்ளை எப்ப?”

“ஐப்பசியில.”

“ஐப்பசியில ஏரி நெறைஞ்சிரும்.”

“ஆமா.”

“சரி, அந்தப் பக்கம் போயி இந்த மரத்தை ஒரு அசை அசையும்.”

இருவரும் அசைத்தனர். மரம் வரவில்லை.

“கோட்டையைப் பத்திச் சொல்லலையே, சாமி?”

“நான் எங்க கண்டேன்? போயிக் கேட்டுட்டு வாரும்.”

“என்னன்னு கேக்க?”

மதகடியார் கையிலிருந்த சேற்றைப் புல்லில் துடைத்தார்.

“வாசல் எங்க இருந்துதுன்னு கேளும்.”

*

முதலில் ஏரியின் கீழ்க்கரைக்குப் போனான். அங்கே இருப்பவர்கள் குயவர். இந்தக் கதையைச் சொல்லுவோரில், இவ்விடத்தில் குயவருக்குப் பதிலாக வலைஞரைச் சொல்வாரும் உண்டு. ஆள் மாறினாலும் அவர்கள் சொல்லும் சொல் மாறுவதில்லை.

சூளைக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்த பூவலிங்கம் என்பவர் விடை சொன்னார்.

“வாசலா? வடக்க. ஏன் கேக்கீரு? நீரு வாயிலார் வீட்டு ஆளுல்லா?”

“ஆமா.”

“உங்க ஆளு திறந்தாருவே. திறக்காம என்ன செய்வாரு? வெளிய பகை நிக்கான். உள்ள வைசூரி. ராசா என்ன சொல்லுதான்? வாசலைத் திறந்தா தலை இருக்காதுங்கான். பிள்ளையளா விழுந்து சாகுது. ஒரு நாளு உங்க ஆளு பாத்தாரு. சீக்கு வராத பிள்ளையள எல்லாம் கூட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்துனாரு. திறந்து வெளிய விட்டாரு.”

“பிறவு?”

“பிறவென்ன? பிள்ளைய வெளிய போச்சு, பகை உள்ள வந்துது. வாசல் ஒண்ணுதான வே.”

“அந்தப் பிள்ளையளு பிழைச்சுதா?”

பூவலிங்கம் விறகைக் கீழே வைத்தார்.

“நாங்க யாரு வம்சம்னு நினைச்சீரு?”

வெயிலுமுத்து திரும்பி வந்தபோது அவன் கால் தரையில் பாவவில்லை. மதகடியில் மரம் வெளியே எடுக்கப்பட்டிருந்தது. மரம் என்று எண்ணியது தடித்த பலகை. ஆளுயரத்துக்கு மேல் நீளம். நெடுகச் சேறு அப்பிக் கிடந்தது. அவன் அதன்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். பேச்சினூடே அவனுடைய விரல் பலகையில் இருந்த ஒரு துளைக்குள் போய்ப் போய் வந்தது.

“வாசல் எங்கயாம்?”

“வடக்கயாம்.”

“உங்க ஊர்ல என்ன சொல்லுதாங்க?”

“கிழக்கன்னு.”

“திறந்தது யாராம்?”

“எங்க ஆளுதான். ஆனா பிள்ளையளுக்காகத் திறந்தாரு, சாமி.”

“நாட்டாமை கேட்டது எதுக்காகன்னா, திறந்தாரா இல்லையான்னா?”

வெயிலுமுத்துவின் முகம் தொங்கிப்போயிற்று.

“எழும்பும் அண்ணாச்சி,” என்றார் மதகடியார். “நீரு இருக்கிற இடத்துலதான் நான் சேறு சுரண்டணும்.”

*

மேற்கே கரிசல் காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்த இடையர்கள், கேள்வியைக் கேட்டதும் சிரித்தார்கள்.

“கதவைத் திறந்தானா? மதிலே இல்லாத கோட்டைக்குக் கதவு எதுக்கு வே? அது மண்கோட்டை. உங்க ஊர்ல சுட்ட செங்கல் ஒண்ணு காட்டும் பாப்பம்.”

“இல்லதான்.”

“மழையில கரைஞ்சிட்டு. விடாத மழை. மதில் கஞ்சி மாதிரி ஓடுது. பகைவன் நடந்து வந்தான், அவ்வளவுதான்.”

“அப்ப எங்க ஆளு மேல ஏன் பழி?”

கிடைக்குப் பெரியவன் ஆட்டின் குளம்பிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னான்.

“மழையைத் திட்டுனா மனசு ஆறுமா? ஆளைத் திட்டுனாத்தான் ஆறும்.”

வெயிலுமுத்துவுக்கு இது குயவர் கதையைவிட இனித்தது. திறந்தவன் இல்லை, திறக்கக் கதவும் இல்லை. ஆனால் அடுத்த ஊரிலேயே அது உடைந்தது. அந்த ஊரார் கோட்டை தங்களுடையது என்றார்கள்.

“கோட்டை எங்க ஊர்க் கோட்டை. பேரை மட்டும் நீங்க தூக்கிட்டுப் போயி உங்க ஊருக்கு வச்சிக்கிட்டீங்க.”

“கோட்டையை எப்படிங்க தூக்கிட்டுப் போக?”

“அதைத்தான் நாங்களும் கேக்கோம்.”

மற்றோர் ஊரில் கோயில் பூசகர் ஒருவர், கோட்டை என்று எதுவும் இருந்ததில்லை, கோயில் நெல்லைக் கொட்டிவைத்த களஞ்சியத்தைத்தான் சனங்கள் கோட்டை என்று சொல்லிவிட்டார்கள் என்றார். அப்படியானால் களஞ்சியத்தின் வாசல் எங்கே இருந்தது என்று வெயிலுமுத்து கேட்டான். பூசகர் அவனை உற்றுப் பார்த்துவிட்டு, திருநீறு கொடுத்து அனுப்பினார்.

ஒவ்வோர் ஊரிலிருந்தும் மதகடிக்கு வந்தான். பலகைமேல் உட்கார்ந்தான். கேட்டதைச் சொன்னான். ஒருநாள் பலகையில் சேறு இல்லாமல் இருந்தது. மற்றொரு நாள் வாய்ச்சியால் செதுக்கிய தடம் தெரிந்தது. மதகடியார் அவனை ஒரு பக்கமாக நகர்ந்து உட்காரச் சொன்னார். அவன் நகர்ந்தான். எதையும் கண்ணால் பார்க்கவில்லை.

அவனுக்கு இப்போது கோட்டை முழுவதும் மனப்பாடம். கீழ்க்கரையார் சொல்லும் வாசலில் இரண்டு யானை நெருங்கி நுழையலாம். ஏரியின் மேல்கரையார் சொல்லும் வாசலில் ஒரு யானை. அதுவும் அம்பாரி இல்லாமல். மேட்டின்மேல் காலால் அளந்து நடந்தான். மதில் எங்கே வளைந்திருக்கும், காவற்கூடம் எங்கே நின்றிருக்கும் என்று குச்சி நட்டான். ஊர்ப்பிள்ளைகள் குச்சியைப் பிடுங்கிப்போட்டனர். மறுபடி நட்டான்.

ஆடி வந்தது. மண் எறியும் நாளில் அவன் ஊரில் இல்லை. வடக்கே ஓர் ஊரில் கோட்டைப்பாட்டு பாடுகிறவன் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போயிருந்தான். பாடுகிறவன் செத்துப்போயிருந்தான்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது உலகம்மாள் சோறு வைத்தாள். வயிறு பெருத்திருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

“மண்ணு இந்த வருசம் கூடுதல்,” என்றாள்.

“வடக்கு வாசல்னு இப்ப மூணு ஊரு சொல்லுதாங்க,” என்றான் அவன்.

“குனிஞ்சு வார முடியலை. பாதி அந்த மூலையிலதான் கிடக்கு.”

“மூணு ஊரு ஒத்து வருதுன்னா சும்மாவா?”

உலகம்மாள் வாசல்பக்கம் திரும்பினாள்.

“வாசல் புடவை கிழிஞ்சிட்டு,” என்றாள். “வேற கட்டணும்.”

“கட்டுவோம்,” என்றான்.

*

ஆவணியில், இரண்டு நாள் நடைத்தொலைவில், கொல்லர் ஒருவரைக் கண்டான். பெயர் கைலாசம். கோட்டைக் கதவுக்கு ஆணி அடித்துக் கொடுத்தவர்கள் தம் முன்னோர் என்றார். கதையைக் கேட்டுக் கேட்டுப் பழகிய வெயிலுமுத்து, திறந்தது யார் என்று கேட்டான்.

கைலாசம் துருத்தியை மிதித்துக்கொண்டே பேசினார்.

“அதை ஏன் மனுசன் வாயில கேக்கீரு? கதவைக் கேளும்.”

“கதவு எங்க இருக்கு?”

“தீ வச்சுப் பாத்திருக்காங்க. வேகலை. அவ்வளவு முத்தின மரம். அப்படியே இழுத்து ஏரியில தள்ளிட்டாங்க. பகைவன் உடைச்சுப் புகுந்திருந்தா வெளிப்பக்கம் கோடரிக் காயம் இருக்கும். உள்ள இருந்து திறந்துவிட்டிருந்தா காயம் இருக்காது. அது பொய் சொல்லாது.”

“எந்த ஏரி?”

“உங்க ஏரிதான் வே. வேற எது?”

வெயிலுமுத்துவின் ஆள்காட்டி விரல் தானாக மடங்கிற்று. பலகையின் துளைக்குள் போய்ப் போய் வந்த விரல்.

அவன் விடைபெறவில்லை. ஓடினான்.

*

மதகடிக்கு வந்தபோது மறுநாள் சாயுங்காலம். மேற்கே மேகம் கட்டியிருந்தது. மதகடியார் இழைப்புளியைத் தள்ளிக்கொண்டிருந்தார். பலகை நீளவாட்டில் இரண்டாகப் பிளக்கப்பட்டு, இரண்டும் அருகருகே கிடந்தன. கருமை போய்விட்டது. உள்ளே இருந்த செந்நிறம் வெளியே வந்து பளபளத்தது. சுற்றிலும் கரிய சீவல் குவிந்திருந்தது.

வெயிலுமுத்துவுக்கு மூச்சு வாங்கிற்று.

“சாமி, இது கதவு.”

“இன்னும் ஆகலை.”

“கோட்டைக் கதவு சாமி! கோட்டைக் கதவு!”

“இருக்கலாம்,” என்றார் மதகடியார். “மதகுப் பலகையாவும் இருக்கலாம். தேர்ச்சட்டமாவும் இருக்கலாம்.”

“காயம் இருந்துதா?”

“எது?”

“கோடரிக் காயம். இந்தப் பலகையில. வெட்டுன தழும்பு இருந்துதா, இல்லையா?”

“இருந்துது.”

வெயிலுமுத்து மண்டியிட்டான். இரண்டு கையாலும் பலகையைத் தடவினான். குழந்தையின் முதுகுபோல் வழுவழுத்தது.

“எங்க?”

“இழைச்சிட்டேன்.”

அவன் தலையைத் தூக்கவில்லை.

“எந்தப் பக்கம் இருந்துது?”

“எந்தப் பக்கம்னா?”

“வெளிப்பக்கமா, உள்பக்கமா?”

“சுவரு எங்க இருக்கு, அண்ணாச்சி? சுவரு இல்லாத கதவுல வெளிப்பக்கம் எது, உள்பக்கம் எது?”

“தாழ்ப்பாள் துளை இருக்கிற பக்கம் உள்பக்கம்!”

“துளை ரெண்டு பக்கமும் ஊடுருவிப் போயிருந்துது.”

வெயிலுமுத்து கத்தினான். என்ன சொல்லிக் கத்தினான் என்பதைச் சொல்லுவோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வர். குருவைப் பாவி என்றான் என்பார் சிலர். ஆவுடையின் பெயரைச் சொல்லிக் கத்தினான் என்பார் சிலர். பிறகு அவன் செய்ததை எல்லோரும் ஒன்றுபோலவே சொல்கிறார்கள். சீவல் குவியலின் நடுவே உட்கார்ந்தான். கரிய சீவல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தான். சுருண்டதை நிமிர்த்தினான். ஒன்றின் ஓரத்தை மற்றொன்றின் ஓரத்தோடு வைத்துப் பொருத்திப் பார்த்தான். வெட்டு விழுந்த இடம் எங்கேயாவது தெரிகிறதா என்று கண்ணுக்கருகில் பிடித்துப் பார்த்தான். காற்று வந்து கலைத்தது. கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி அடுக்கினான்.

மதகடியார் தடுக்கவில்லை. இழைப்பதையும் நிறுத்தவில்லை.

வெளிச்சம் குறைந்தது. சீவல் எது, அவன் விரல் எது என்று தெரியாமல் ஆகத் தொடங்கியபோது, வெயிலுமுத்து கையை மடியில் வைத்தான்.

“ஒரே சாட்சி, சாமி. அதை அழிச்சிட்டிய.”

“நீரு அதுமேல உக்காந்துதான் எல்லாக் கதையும் சொன்னீரு.”

“சொல்லியிருக்கலாமே.”

“எதுன்னு சொல்ல? எனக்கே தெரியாது.”

வெயிலுமுத்து கேட்டான்.

“பின்ன எதுக்கு இழைச்சிய?”

மதகடியார் இரண்டு பலகைகளையும் நெருக்கி வைத்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார்.

“ஐப்பசி வருதே,” என்றார்.

வெயிலுமுத்து அப்போதுதான் பலகைகளைப் பலகைகளாகப் பார்த்தான். குறுக்குச் சட்டம் பொருந்தக் காடிப் பள்ளம் எடுத்திருந்தது. கீழும் மேலும் சுழலுவதற்குக் குடுமி விட்டிருந்தது.

“ஊரு விடாது, சாமி.”

“விடாது.”

“ஒரே வாயா வரணும்னு நாட்டாமை சொன்னாரு.”

“எத்தனை வாயி கேட்டீரு?”

“கேட்ட வாயெல்லாம் வேற வேற.”

“இனியும் கேக்கப் போறீரா?”

தூரத்தில் இடி உருண்டது.

“கதவு போட்டா உடைப்பாங்க.”

“உடைக்கலாம்.”

“கோடரி எடுத்துட்டு வருவாங்க, சாமி.”

“வரட்டும்,” என்றார் மதகடியார். “அப்ப காயம் எந்தப் பக்கம்னு உமக்குச் சந்தேகம் இருக்காது.”

வெயிலுமுத்து கரைமேல் நின்ற புளியமரத்தைப் பார்த்தான். இருட்டில் அது மரமாகத் தெரியவில்லை. ஒரு மேடாகத்தான் தெரிந்தது.

மதகடியார் கோடு போடும் கரி நூலை எடுத்தார்.

“அளவு சொல்லும். அறுத்துப்போடுதேன். வாசல் அகலம் என்ன?”

“கீழ்க்கரையில ரெண்டு யானைன்னு சொல்லுதாங்க,” என்று வெயிலுமுத்து தொடங்கினான். வாய் தானாகவே சொல்லிற்று. “மேல்கரைக்காரங்க கணக்குப்படி...”

“கோட்டை வாசல் கேக்கலை. உம்ம வீட்டு வாசல்.”

வெயிலுமுத்து நிறுத்தினான்.

இரண்டு கையையும் விரித்து, இடையில் இருந்த காற்றைப் பார்த்தான். குறுக்கினான். மறுபடி விரித்தான். கையைக் கீழே போட்டான்.

மதகடியார் நூலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“அவ வாசலுக்குக் குறுக்க படுப்பா,” என்றான் வெயிலுமுத்து. “நேராப் படுக்க இடம் காணாது. முழங்காலை மடக்கணும்.”

“எவ்வளவு மடக்கணும்?”

வெயிலுமுத்து எழுந்தான். பலகைகளின் ஓரத்தில், சீவல் சிதறிக் கிடந்த மண்ணில், ஒருக்களித்துப் படுத்தான். தலையைப் பலகையின் ஒரு விளிம்புக்கு நேராக வைத்தான். காலை நீட்டினான், நீட்டியது அதிகம் என்று தெரிந்தது. முழங்காலை மடக்கினான்.

நூல் தரையில் உரசும் ஓசை அவன் பாதத்தருகில் வந்து நின்றது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, வயிற்றுக்கு இடம் விட்டு, இன்னும் கொஞ்சம் மடக்கினான்.